சாலையும் ஓடுதளமும்

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் பேருந்தில் ஓட்டுநருக்குப் பின்சீட்டைப் பிடித்துக்கொள்வது என் வழக்கம். எந்தத் திருப்பத்தில் ஹாரன் அடிக்க வேண்டும், மழை பெய்தால் சரளை எங்கே வழிந்து கிடக்கும், மரவள்ளி ஏற்றிய லாரி எதிரே வந்தால் எங்கே ஒதுங்கலாம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கல்வராயன் மலையில் வண்டி ஓட்டுவதைக் கை வேலை என்பதைவிட ஞாபக வேலை என்றே சொல்வேன். உலக மோட்டார் பந்தயத்தின் ஆரம்ப காலத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஓட்டுநர்களின் நினைவுதான் வரும்.

இத்தாலியில் 'மில்லே மிலியா' என்றொரு பந்தயம் நடந்தது. பிரேசியா நகரில் கிளம்பி, ரோம் வரை போய், மறுபடி பிரேசியாவுக்கே திரும்ப வேண்டும். சுமார் 1,600 கிலோமீட்டர். அத்தனையும் ஊர்களுக்குள் நுழைந்து போகும் பொதுச் சாலை. 1953இல் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கான உலகச் சாம்பியன்ஷிப் தொடங்கியபோது இதுவும் அதில் ஒரு சுற்றானது. 1955 மே 1 அன்று ஸ்டிர்லிங் மாஸ் ஓட்டிய மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் காரின் எண் 722. காலை 7.22க்குப் புறப்பட்டதால் அந்த எண். பக்கத்து இருக்கையில் டெனிஸ் ஜென்கின்சன் என்ற தாடிக்காரப் பத்திரிகையாளர். இருவரும் முன்பே அந்தப் பாதையில் போய்வந்து, ஒவ்வொரு வளைவையும் மேட்டையும் ஒரு நீளக் காகிதச் சுருளில் எழுதி, சிறு பெட்டிக்குள் வைத்து உருட்டிப் படிக்கும்படி செய்திருந்தார்கள். என்ஜின் இரைச்சலில் பேச்சு கேட்காது. ஜென்கின்சன் சுருளைப் பார்த்துக் கையால் சாடை காட்ட, மேட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாமலே மாஸ் முழு வேகத்தில் பாய்ந்தார். 10 மணி 7 நிமிடம் 48 விநாடியில் முடித்தார்கள். சராசரி வேகம் மணிக்கு 157 கிலோமீட்டர். தனியாக ஓட்டி இரண்டாவதாக வந்தவர் பந்தய மாமேதை ஃபாஞ்சியோ. அவருக்கு இன்னும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. நம் மலை ஓட்டுநர் தலைக்குள் வைத்திருப்பதைத்தான் அவர்கள் காகிதத்தில் வைத்திருந்தார்கள்.

இந்த வெற்றி நடந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. ஜூன் 11 அன்று பிரான்சின் லெ மான்ஸ் பந்தயத்தில் அதே வகை மெர்சிடிஸ் ஒன்று மோதிப் பறந்து பார்வையாளர்களுக்குள் விழுந்தது. எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சுவிட்சர்லாந்து பந்தயச் சுற்றுகளையே தடை செய்தது. அந்த ஆண்டு முடிவில் மெர்சிடிஸ் பந்தயத்தை விட்டு விலகியது. 1957 மில்லே மிலியாவில் டி போர்ட்டாகோ என்ற ஓட்டுநரின் ஃபெராரி டயர் வெடித்துச் சாலையோரக் கூட்டத்தில் பாய்ந்தது. அவரும் துணை ஓட்டுநரும் மாண்டார்கள். வேடிக்கை பார்க்க நின்ற ஒன்பது பேரும் போனார்கள், அதில் ஐந்து பேர் குழந்தைகள். பொதுச் சாலையில் நடந்த அந்த வேகப் பந்தயம் அத்தோடு முடிந்தது.

பொதுச் சாலைப் பந்தயத்துக்கு மாற்றுவழி முன்பே இருந்தது என்பதுதான் என்னை வருத்துகிறது. ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன்ஷிப்பின் முதல் பந்தயம் 1950 மே 13 அன்று இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் நடந்தது. அது இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் குண்டுவீச்சு விமானங்கள் நின்ற தளம். வைக்கோல் கட்டுகளும் எண்ணெய் டிரம்களும் எல்லையாக நின்றன. வென்ற ஃபரீனாவுக்கு வயது 43. அவர் ஓட்டிய ஆல்ஃபா ரோமியோ போருக்கு முன்பே உருவான வண்டி. ஆசியாவிலிருந்து ஒரே ஒருவர், தாய்லாந்து இளவரசர் பீரா, அன்று ஓடினார். ஹெல்மெட் கட்டாயமானது 1952இல்தான். ஓர் இந்தியர் அந்தச் சாம்பியன்ஷிப்புக்குள் நுழைய 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் நம் கோவை நரேன் கார்த்திகேயன்.

நரேனுக்கு முன்னால் சோழவரம் இருந்தது. செங்குன்றத்தைத் தாண்டி, அதுவும் போர்க்கால விமான ஓடுதளம்தான். 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே ஆண்டுதோறும் நடத்திய பந்தயங்களுக்குக் கூட்டம் அலைமோதும். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடம் வரும்வரை தென்னிந்திய வேகத்துக்கு அந்தச் சிமென்ட் தரைதான் தாய்மடி.

எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கும் அப்படியொரு தரை உண்டு. உளுந்தூர்பேட்டையில், அதே போர்க்காலத்தில் போட்ட விமான ஓடுதளம். ஆனால் எங்கள் பிள்ளைகள் வேகம் பழகுவது அங்கே அல்ல. சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில், விடியற்காலையில், ஹெல்மெட்டை டாங்க் மேல் வைத்துக்கொண்டு பைக்கை முறுக்குகிறார்கள். மலைப்பாதையிலும் அப்படியே. அவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை, பயம்தான் வருகிறது. 1957இல் இத்தாலி நிறுத்திய அந்த மில்லே மிலியாவை அவர்கள் இங்கே தனியாக ஓடிக்கொண்டிருக்கிறார்கள். எதிரே வரும் பால்காரருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தாங்கள் அந்தப் பந்தயத்தில் சேர்ந்திருப்பதே தெரியாது. திறமை இல்லாதவர்களா இவர்கள்? மலைக் கிராமத்துப் பையன் ஒருவன் ஈர மண்ணில் பின்சக்கரம் வழுக்கும்போது வண்டியைத் தாங்கிப் பிடிக்கும் நிதானத்தைப் பலமுறை பார்த்து வியந்திருக்கிறேன்.

உளுந்தூர்பேட்டை ஓடுதளத்தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குத் திறந்துவிடலாம். அனுமதி, ஓர் ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, கொடி காட்டத் தெரிந்த நாலு பேர், ஹெல்மெட் இல்லாதவனை உள்ளே விடாத ஒரு கண்டிப்பான ஆள், இவ்வளவும் வேண்டும். வைக்கோல் எங்கள் பக்கம் நிறையக் கிடைக்கும், ஆனாலும் வேண்டாம். 1967இல் மொனாக்கோவில் லொரென்சோ பந்தினியின் கார் கவிழ்ந்து எரிந்தபோது, எல்லையாக வைத்திருந்த வைக்கோல் கட்டுகளும் சேர்ந்து எரிந்தன. லாரிப் பட்டறைகளில் பழைய டயர்கள் குவிந்து கிடக்கின்றன. அவற்றை அடுக்கிக் கட்டினால் போதும்.