பாப்பாத்தி அம்மாள் கோயில்: ஒரு சபைப் பதிவேட்டின் முதற்பெயர்

திருநெல்வேலிச் சீர்திருத்தத் திருச்சபையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1778ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவர். சுவார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்து கிளாரிந்தாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஆண்டு அது. ஆயினும் அதற்கு ஏழு ஆண்டுகள் முன்னரே, 1771இல், சவரிமுத்து என்னும் கிறிஸ்தவர் அவ்வூரில் பிறருக்கு வேதத்தை வாசித்துக் காட்டிவந்த செய்தி சுவார்ட்ஸின் குறிப்புகளிலேயே இடம்பெறுகிறது. குருவானவர் வருமுன்னரே அங்கே வாசகர் ஒருவர் இருந்தார். ஒரு சபையின் தொடக்கத்தை மிஷனரியின் வருகையோடு பொருத்திக் காணும் வழக்கம் எவ்வளவு பிழைபடக்கூடியது என்பதற்கு இந்தச் சிறு செய்தியே போதுமான சான்று.

கிளாரிந்தா தஞ்சையிலிருந்து வந்த மராத்தியப் பிராமண விதவை. ஆங்கிலேயப் படையதிகாரியான லிட்டில்டனுடன் வாழ்ந்தவர். கிறிஸ்தவ சமயத்தை அவர் வழியாகவே அறிந்தவர். உடன்கட்டை ஏறவிருந்தவரை அவ்வதிகாரி மீட்டார் என்பது செவிவழி மரபு. கிளாரிந்தா முதலில் ஞானஸ்நானம் வேண்டியபோது சுவார்ட்ஸ் மறுத்துவிட்டார். முறைப்படி மணம் செய்துகொள்ளாமல் ஒருவரோடு வாழும் நிலையில் அதைக் கொடுக்க இயலாது என்பது அவர் கூறிய காரணம். கும்பினிப் படையதிகாரிகள் இந்நாட்டுப் பெண்களோடு மணமின்றி வாழ்வது அன்று பரவலான வழக்கம். அவ்வழக்கத்தின் விலையை இங்கே கொடுத்தவர் பெண். அதிகாரி இறந்த பின்னரே அவருடைய வேண்டுகோள் நிறைவேறியது.

இரண்டே ஆண்டுகளில், 1780இல், பாளையங்கோட்டைச் சபையின் பதிவேடு எழுதப்பட்டது. அதில் 40 பெயர்கள் உள்ளன. முதற்பெயர் கிளாரிந்தாவுடையது. பின்வரும் பெயர்கள் பல சாதிகளைச் சேர்ந்தவர்களுடையவை. கோட்டையும் படையும் சார்ந்த ஊரில், வெவ்வேறு தெருக்களிலிருந்து வந்த சிறு கூட்டம் அது. கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி மிஷனின் தொடக்ககால வரலாற்று நூலில் இப்பதிவேட்டுக்கு முதன்மையான இடம் உண்டு. ஒருமுறை ஞானஸ்நானம் மறுக்கப்பட்டவரின் பெயரே பட்டியலின் தலைப்பில் நிற்கிறது என்பதை வரலாற்று மாணவர் கூர்ந்து நோக்க வேண்டும்.

1785இல் கிளாரிந்தாவின் முயற்சியாலும் பொருளாலும், அங்கிருந்த ஆங்கிலேயர் சிலரின் உதவியோடும், ஒரு சிறிய ஆலயம் கட்டி முடிக்கப்பட்டது. சுவார்ட்ஸ் மீண்டும் வந்து அதைப் பிரதிஷ்டை செய்தார். திருநெல்வேலிச் சீமையில் எழுந்த முதல் சீர்திருத்தச் சபை ஆலயம் இது. உபதேசியாரான சத்தியநாதன் 1790 டிசம்பர் 26 அன்றுதான் குருப்பட்டம் பெற்றார். யெனிக்கே ஐயர் 1791இல் வந்து சேர்ந்தார். ஞானஸ்நானம், ஆலயப் பிரதிஷ்டை ஆகிய இரண்டு வருகைகளுக்கும் இடைப்பட்ட ஏழு ஆண்டுகளும் அதன் பின்னர்ச் சில ஆண்டுகளும் ஊரில் நிலையாகத் தங்கிய குரு இல்லாமலே கழிந்தன. அக்காலத்தில் சபையைத் தாங்கியவர்கள் உபதேசியார்களும் இல்லறத்தாருமே. மிஷனரிகளின் வருகைகளை மட்டும் கோத்து எழுதும் வரலாறு இந்த ஆண்டுகளை வெற்றிடமாகக் காட்டும். உண்மையில் சபை உருப்பெற்றது அந்த இடைவெளியில்தான்.

இனி அவர் பெயரைப் பற்றி. கிளாரிந்தா என்பது ஐரோப்பியக் கவிதை மரபு தந்த பெயர். 1581இல் வெளிவந்த தாஸ்ஸோவின் இத்தாலியக் காப்பியத்தில் குளோரிந்தா என்பவள் இறக்கும் தறுவாயில் ஞானஸ்நானம் பெறும் வீராங்கனை. பதிவேடு இந்த அயற்பெயரை ஏற்றுக்கொண்டது. ஊரோ அதை ஏற்கவில்லை. மக்கள் வழக்கில் அந்த ஆலயம் 'பாப்பாத்தி அம்மாள் கோயில்'. அவர் வெட்டுவித்த கிணறு 'பாப்பாத்தி அம்மாள் கிணறு'. சாதி கடந்து 40 பேர் கூடிய சபையின் முதல் உறுப்பினரை ஊர் அவர் விட்டு நீங்கிய சாதியின் பெயராலேயே நினைவில் வைத்தது. அன்பும் மதிப்பும் அந்த அழைப்பில் உண்டு. சாதியின் நீள்நிழலும் உண்டு. 1915இல் அ. மாதவையா அவரைப் பற்றி ஆங்கிலத்தில் நாவல் எழுதியபோது பதிவேட்டின் பெயரையே தலைப்பாக வைத்தார். பதிவேடு ஒரு பெயரையும் ஊர்ப்பேச்சு வேறொரு பெயரையும் காத்துவந்திருக்கின்றன. பெற்றோர் இட்டு அழைத்த பெயர் இவை இரண்டுமல்ல.

இதன் பின்னர் நிகழ்ந்தவை பெரிது. 1799இல் முதலூர் என்னும் கிறிஸ்தவக் குடியிருப்பு எழுந்தது. 1820இல் இரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தார். 1826இல் இன்று ஊசிக்கோபுரம் எனப்படும் பேராலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. பேராலயத்தின் கோபுரம் தொலைவிலிருந்தே தெரியும். சிறிய கோயிலை விசாரித்துத்தான் செல்ல வேண்டும்.

தண்டு நிலைபெற்ற ஊர்களில் தமிழ்ச் சபை தோன்றுவது பாளையங்கோட்டைக்கு மட்டும் உரிய நிகழ்வன்று. 1809இல் நிறுவப்பட்ட பெங்களூருத் தண்டுக்கும் சிப்பாய்களோடு தமிழ்நாட்டுத் தொழிலாளரும் ஏவலரும் வணிகரும் வந்து குடியேறினர். ஜீவனஹள்ளியைச் சூழ்ந்த பகுதிகளில் இன்றும் தமிழில் ஆராதனை நடத்தும் சபைகள் பல உண்டு. இத்தகைய சபைகளின் ஆண்டுவிழா மலர்களில் குருமார்களின் பெயர்கள் வரிசையாக, ஆண்டுகளோடும் படங்களோடும் அச்சிடப்படுகின்றன. அவற்றோடு ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளையும் அருகில் வைத்துப் படிக்க வேண்டும். தண்ணீர் சுமந்தவரும் சமையல் செய்தவரும் விதவைகளும் அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறார்கள். அப்பதிவேடுகள் பல ஆலயங்களில் ஈரத்திலும் கரையானிலும் அழிந்துகொண்டிருக்கின்றன. 1780ஆம் ஆண்டின் அந்த ஒரு பட்டியல் தப்பிப் பிழைத்ததால்தான் கிளாரிந்தா நமக்குக் கிடைத்தார். அவரோடு மற்ற 39 பேரும் கிடைத்தார்கள். அவர்களைப் பற்றிய ஆய்வுகள் இனித்தான் பெருக வேண்டும்.