பற்பசை வரியும் சொகுசுக் கப்பலும்

மலேசியாவில் 2015 ஏப்ரல் 1 அன்று 6 விழுக்காடு ஜிஎஸ்டி (பொருள், சேவை வரி) வந்தது. குளுவாங் தோட்டப்புறத்திலிருந்து டவுனுக்கு வந்து பற்பசை வாங்கும் தொழிலாளிக்கும் 6, ஜொகூர் பாருவில் மாளிகை கட்டியவருக்கும் 6. விழுக்காடு ஒன்றுதான், சம்பளம்தான் வேறு.

மூன்றே மாதத்தில் அரசு முதலீட்டு நிறுவனமான 1எம்டிபியின் பண மோசடி விவகாரம் வெடித்தது. கேள்வி கேட்ட துணைப் பிரதமர், ஜொகூர்க்காரர் முஹிதீன் யாசின், ஜூலையில் பதவியிழந்தார். 450 கோடி டாலருக்கு மேல் சுருட்டப்பட்டதாக அமெரிக்க நீதித்துறை கணக்குச் சொன்னது. அதில் ஒரு பகுதி ‘இக்வானிமிட்டி’ என்ற சொகுசுக் கப்பலாக மிதந்தது.

கப்பலை விடுங்கள். வயிறு எரிவது எஸ்ஆர்சி கதையில். 1எம்டிபியின் துணை நிறுவனமாகத் தொடங்கிய அது 400 கோடி ரிங்கிட் கடன் வாங்கியது அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியிடம். ஆசிரியர், தாதி, குமாஸ்தா ஆகியோரின் முதுமைக்காக ஒதுக்கிய காசு! அந்த நிறுவனத்திலிருந்து வந்த 4.2 கோடி ரிங்கிட்டுக்காகத்தான் 2020இல் முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக்குக்கு 12 ஆண்டுச் சிறைத்தண்டனை. 2024இல் மன்னிப்பு வாரியம் அதைப் பாதியாக்கியது. பற்பசை வரிக்கு அப்படி எந்த வாரியமும் இருந்ததில்லை.

1946இல் நஜிப்பின் கட்சியான அம்னோ பிறந்த ஜொகூரே 2018 மே 9 தேர்தலில் அதைக் கைவிட்டது. ஆட்சி மாறி, ஜூனில் ஜிஎஸ்டி பூஜ்ஜியமானது.

நான்கே ஆண்டு. 2022 மார்ச் ஜொகூர் மாநிலத் தேர்தலில், தண்டனை பெற்றும் மேல்முறையீட்டால் வெளியே இருந்த நஜிப்பே ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார். அம்னோ தலைமையிலான தேசிய முன்னணிக்கு 56இல் 40 இடங்கள்.