மெதுவான கால்குலேட்டரும் 4.669-ம்

1974-ல் ஹியூலெட்-பேக்கர்ட் நிறுவனம் ஹெச்பி-65 என்ற கால்குலேட்டரை வெளியிட்டது. விலை 795 டாலர்! கையடக்கம்தான், ஆனால் 100 வரி வரை புரோகிராம் எழுதலாம். எழுதியதைச் சின்ன காந்த அட்டையில் சேமித்தும் வைக்கலாம்.

அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் இருந்த மிட்செல் ஃபைகன்பாம் என்ற இயற்பியலாளர், 1975-ல் இதில் ஒரு எளிய கணக்கைப் போட்டுப் பார்த்தார். நீங்களும் போடலாம். 0-க்கும் 1-க்கும் நடுவில் ஒரு எண்ணை எடுங்கள். அதை 1-லிருந்து கழியுங்கள். வந்ததை எடுத்த எண்ணாலேயே பெருக்குங்கள். பிறகு 2.8-ஆல் பெருக்குங்கள். கிடைத்த விடையை வைத்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பியுங்கள். கொஞ்ச நேரத்தில் விடை ஒரே எண்ணில் நின்றுவிடும். 2.8-க்குப் பதில் 3.2 போட்டால் நிற்காது. 0.513, 0.799 என்று மாறி மாறி வரும்.

பெருக்கும் எண் 3-ஐத் தாண்டினால் இரண்டு விடைகள். 3.4495-ஐத் தாண்டினால் நான்கு. 3.5441-க்கு மேல் எட்டு. 3.5644-க்கு மேல் பதினாறு. இவற்றின் இடைவெளிகளைப் பாருங்கள்: 0.4495, 0.0946, 0.0203. ஒவ்வொன்றையும் அடுத்ததால் வகுத்தால் 4.75, 4.66.

ஹெச்பி-65 ரொம்ப மெதுவு. விடைகள் இரட்டிக்க இரட்டிக்கக் காத்திருப்பும் கூடியது. நேரத்தை மிச்சம் பிடிக்க, அடுத்த இரட்டிப்பு எங்கே வரும் என்று ஃபைகன்பாம் முன்கூட்டியே ஊகிக்க ஆரம்பித்தார். அப்போதுதான் இந்த விகிதம் கண்ணில் பட்டது. போகப் போக அது 4.669-ஐ நெருங்கியது. சைன் சார்பை வைத்து வேறொரு கணக்கு போட்டார். அதிலும் அதே 4.669!

முதலில் அவர் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1978-ல்தான் அச்சானது. பிறகு ஆல்பர்ட் லிப்ஷேபர் பாரிஸில் திரவ ஹீலியத்தைச் சூடாக்கி, அதன் அலைவுகளும் இதேபோல் இரட்டித்துக்கொண்டே போவதைக் காட்டினார். காகிதத்துக் கணக்கு நிஜ உலகத்திலும் நடந்தது. 1986-ல் இயற்பியலுக்கான வுல்ஃப் பரிசு இருவருக்கும் கிடைத்தது.

லாஸ் அலமாஸில் பெரிய கம்ப்யூட்டர்களும் இருந்தன. அவற்றில் போட்டிருந்தால் விடைகள் மொத்தமாகக் கொட்டியிருக்கும். அடுத்தது என்ன என்று ஊகிக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது.

இன்று எக்ஸெல்லில் ஒரு ஃபார்முலாவை இழுத்துவிட்டால் ஆயிரம் வரி நொடியில் நிரம்பிவிடும். இந்தக் கணக்கையும் அதில் போட்டுப் பாருங்களேன். ஆனால் இழுப்பதற்கு முன்னால், என்ன வரும் என்று ஒரு பேப்பரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.