சேவையும் சாட்சியும்

“சோழியன் குடுமி சும்மா ஆடுமா?” என்பது நம் முன்னோர் மொழி. இதனைப் பிறர்மேல் ஏவி நகைத்தவர் நாம். அதே மொழி எம்மேல் வந்து பாய்ந்த நாளொன்றை இங்கே கூறப் புகுகின்றோம்.

அப்பொழுது நாம் பல்கலைக்கழக மாணவர். கிறிஸ்தவ மாணவர் சிலர் ஒன்றுகூடிச் சனிக்கிழமைதோறும் தேயிலைத் தோட்டமொன்றுக்குச் சென்று வருவோம். அங்கு லயங்களில் வாழ்ந்த குடும்பங்களிற் பல, 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றவையாக்கப்பட்டவை. பிள்ளைக்காம்பராவின் திண்ணையிலே சிறுவர்க்கு எழுத்தும் கணக்கும் கற்பித்தோம். பாடம் முடிந்ததும் ஆளுக்கொரு பிஸ்கோத்தும், அதனோடு சுவிசேஷத் துண்டுப்பிரசுரம் ஒன்றும் கொடுப்போம். இரு பணிகளையும் ஒருங்கே முடித்தோம் என்ற பெருமிதத்தோடு விடுதிக்கு மீள்வோம்.

நாலாம் வாரம் திண்ணை வெறிச்சோடிக் கிடந்தது. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்த முதியவள் ஒருத்தி அப்பழமொழியைக் கூறினாள். பின்பு, “எழுத்துச் சொல்லிக் குடுங்க தம்பி, கையெடுத்துக் கும்பிடுறோம். ஆனா அந்தக் கடுதாசிதான் அதுக்குக் கூலின்னா, எங்களுக்கு வேணாம்” என்றாள். அவள் குரலிலே கோபமில்லை. கோபமிருந்திருப்பின் எமக்கு எளிதாயிருந்திருக்கும்.

அன்றிரவு விடுதியிலே வாதம் மூண்டது. “இனிக் கிறிஸ்துவின் பெயரையே எடாது சேவை மட்டும் செய்வோம்” என்றனர் சிலர். “பெயரை மறைத்துச் செய்வதும் ஒருவகை வஞ்சனையன்றோ?” என்றனர் வேறு சிலர். எம்முள் மூத்த மாணவரொருவர் யாழ்ப்பாணத்து வரலாற்றை நினைவூட்டினார். அமெரிக்க மிஷனார் 1823 இல் வட்டுக்கோட்டையிலே செமினரி நிறுவிக் கல்வியையும் வேதத்தையும் ஒருங்கே ஊட்டினர். அக்கல்வியை விரும்பிய சைவக் குடும்பங்கள் அதனோடு வந்த மதமாற்றத்துக்கு அஞ்சின. பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பிலே துணைபுரிந்த ஆறுமுக நாவலரே, 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப் பள்ளி தொடங்கினார். மறுபுறம், அச்செமினரியிற் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை சைவராய் வாழ்ந்து, கலித்தொகையை 1887 இல் அச்சேற்றித் தமிழுலகுக்கு அளித்தார். கொடுத்தவர் எதிர்பார்த்த பயன் வேறு. நாடு பெற்ற பயன் வேறு. “அதற்காக அக்கொடை வீணாயிற்று என்று கூறலாமோ?” என்று வினவினார் அவர். எம்மில் எவரும் விடை கூறவில்லை.

மறுவாரம் வெறுங்கையோடு சென்றோம். சிறுவர் இருவரே வந்தனர்; அவர்க்குக் கற்பித்தோம். மாதங்கள் செல்லத் திண்ணை நிறைந்தது. ஆடி மழையிலே மண் சரிந்து, தண்ணீர்ப் பீலிக்கு வரும் வாய்க்கால் அடைபட்டபொழுது, தோட்டத்து இளைஞரோடு நாமும் மண்வெட்டி பிடித்தோம். மாலையிலே அம்முதியவள் சாயத்தண்ணீர் கொணர்ந்து தந்து, “நனைஞ்சு நடுங்கிக்கிட்டு எதுக்குத் தம்பி வர்றீங்க? உங்களுக்கு யாரு சொன்னா?” என்று கேட்டாள்.

அன்றுதான் நாம் பேசினோம். அயலானை நேசிக்கக் கற்பித்தவர் ஒருவர் உளர் என்றும், காயப்பட்டுக் கிடந்தவனின் குலமும் சமயமும் வினவாது அவனைத் தூக்கிச் சென்ற சமாரியனைப் பற்றி அவர் கூறிய கதை இதுவென்றும் எமக்குத் தெரிந்தவாறு சொன்னோம். அவள் முழுவதும் கேட்டாள். “நல்ல கதை தம்பி” என்றாள். பின்பு, வரும் வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிற் பொங்கலுக்கு எம்மை அழைத்துவிட்டுப் போனாள்.

“இத்தனை உழைப்புக்கும் இதுதானா பயன்?” என்று நண்பரொருவர் வழியெல்லாம் மனங்குன்றி வந்தார். எமக்கோ அவ்வாறு தோன்றவில்லை. கேட்பவருக்கு விடை கூற ஆயத்தமாயிருக்குமாறே பேதுரு தம் நிருபத்திற் பணித்தார். கேள்வி பிறக்குமுன் விடையைத் திணித்ததே எம் பிழை. பசித்தவனும் கல்லாதவனும் “வேண்டாம்” என்று சொல்ல வலியற்றவர். அவர்முன் ஒரு கையிலே பிஸ்கோத்தும் மறு கையிலே பிரசுரமும் நீட்டுவது சாட்சியன்று, பேரம். ஆயின், உள்ளம் கேட்டு நிற்கும்பொழுது நாணி வாய்மூடுவதும் நேர்மையாகாது.

இன்றும் மாணவர் பலர் சேவைக்கெனப் புறப்படுகின்றனர். சமயம் எதுவாயினும், அவர்க்கு எம் அனுபவம் ஒன்றையே கூறுவோம். உங்கள் சொல்லை ஏற்க மறுத்தவருக்கும் அடுத்த வாரம் அதே அன்போடு பாடஞ்சொல்ல உங்களால் இயலுமா? இயலுமாயின் அஞ்சாது செல்லுங்கள். இயலாதாயின், அந்த முதியவள் சொன்ன கூலி இன்னும் உங்கள் மனத்திலே இருக்கின்றது என்பதை உணருங்கள்.