கீரைப் பாத்தியும் கோடி வீட்டுப் பூனையும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

ஆண்டு மலருக்குக் கட்டுரை தர வேண்டும் என்று சிஸ்டர் வகுப்பில் சொன்னதும், தோழிகள் 'நான் விரும்பும் தலைவர்', 'எங்கள் இன்பச் சுற்றுலா' என்று நல்ல தலைப்புகளையெல்லாம் பிடித்துக் கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது பூனைதான். சிரிக்காதீர்கள் தோழிகளே! இது சிரித்துவிட்டுப் போகும் கதையன்று.

எங்கள் வீடு பாகூர் கொம்யூனில் ஒரு சிற்றூரில் இருக்கிறது. சுற்றிலும் நெல்வயல். வீட்டின் பின்புறம் கிணற்றடியை ஒட்டி மூன்று பாத்திகள் உண்டு. அம்மா அதில் முளைக்கீரையும் தண்டுக்கீரையும் போடுவார்கள். கீரைக் கட்டு விற்ற காசு ஒரு சுருக்குப் பையில் சேரும். என் நோட்டுப் புத்தகமும் தம்பியின் காலணியும் அந்தச் சுருக்குப் பையிலிருந்து வந்தவையே.

கீரை விதை கடுகினும் சிறியது. அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொட்டிவிடும். ஆகையால் மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிய மண் போர்த்த வேண்டும். சென்ற தை மாதம் அந்த வேலையை அம்மா முதன்முறையாக என்னிடம் ஒப்படைத்தார்கள். கொத்திக் கிளறி, கட்டி உடைத்து, மாவு போல் மண்ணைச் சலித்து, மாலையில் விதைத்தேன். எனக்கு எவ்வளவு பெருமை! விடிந்து பார்த்தால், அந்தோ, பாத்தி நடுவே மூன்று பள்ளங்கள்! ஒன்றில் கைவைத்துப் பார்த்து, ஏன் கைவைத்தோம் என்று கிணற்றடிக்கு ஓடினேன்.

கோடி வீட்டு ஆயாவின் பூனைதான் அது. ஆயா தனியாக இருப்பவர். கருவாட்டுத் தலையும் சோறும் பிசைந்து திண்ணையில் வைப்பார். தாய்ப் பூனையும் சாம்பல் நிறக் குட்டி ஒன்றும் வந்து தின்னும். தின்பது அங்கே, தோண்டுவது இங்கே!

மறுபடி விதைத்தேன். மறுபடி தோண்டின. வேலிகாத்தான் முள்ளை வெட்டிப் போட்டேன். அது பூனையின் காலில் ஏறவில்லை, அம்மாவின் காலில் ஏறியது. மிளகாய்த்தூள் தூவினேன். காற்றடித்து என் கண்ணிலேயே விழுந்தது. மூன்றாம் முறையும் பாத்தி கிளறிக் கிடந்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தை என்னென்பேன்! கழிவறையில் இருந்த கருப்புப் பினாயிலை எடுத்து வந்து, தண்ணீர் கூடக் கலக்காமல், பாத்தி ஓரம் முழுதும் ஊற்றினேன். அந்த நெடிக்குப் பூனை வராது என்று எங்கோ கேட்ட நினைவு.

இரண்டாம் நாள் ஆயாவின் திண்ணையில் அந்தச் சாம்பல் குட்டி எச்சில் ஒழுகப் படுத்திருந்தது. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. மறுநாள் இல்லை.

"எலி மருந்து தின்ன எலியப் புடிச்சித் தின்னுடுச்சோ என்னவோ" என்று ஆயா என்னிடமே சொன்னார். நான் தலையை ஆட்டினேன். வாழ்க்கையில் அவ்வளவு பொய்யான தலையாட்டல் நான் ஆட்டியதில்லை.

அதன் பின் ஒன்பது நாள் அந்த வீட்டு வழியே போகாமல், ஏரிக்கரை வழியாகச் சுற்றிப் பேருந்துக்குப் போனேன். இடையில் எங்கள் பசுவிற்கு ஊசி போட வந்த கால்நடை மருத்துவரிடம், யாரோ ஒரு தோழி வீட்டில் நடந்தது போல் கேட்டு வைத்தேன். அவர் விளக்கமாகவே சொன்னார். பினாயிலைப் பூனை நக்கிக் குடிக்க வேண்டியதில்லையாம். மிதித்தாலே போதும். பூனை ஓயாமல் தன் காலையும் மயிரையும் நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி. காலில் ஒட்டியது வயிற்றுக்குப் போய்விடும். மற்ற விலங்குகளின் கல்லீரல் இத்தகைய நஞ்சை மாற்றி வெளியே தள்ளும். பூனையின் கல்லீரலில் அதற்கு வேண்டிய நொதி மிகவும் குறைவு. துணிப்பெட்டியில் போடும் அந்துருண்டையும் அதற்கு நஞ்சுதான். அப்படி மிதித்துவிட்டால் சோப்பும் தண்ணீரும் கொண்டு உடனே காலைக் கழுவி, மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்; வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. "உன் தோழிகிட்ட சொல்லும்மா" என்றார். சொல்ல வேண்டிய தோழி அவர் எதிரிலேயே நின்றாள்.

பத்தாம் நாள் மாலை ஆயாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். திட்டுவார், தெருவைக் கூட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முறத்தை வைத்துவிட்டு, "அதான் அன்னைக்கி அந்த வாடை அடிச்சுதா" என்றார். சற்று நேரம் கழித்து, "அதுங்களும் எங்கதான் போவும்? தெருவுல எல்லாரும் சிமெண்ட்டுப் போட்டுட்டீங்க. மெத்துனு மண்ணு உங்க வூட்டுல மட்டுந்தான் இருக்குது" என்றார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வீடு திரும்பும்போது தெருவை முதன்முறையாகப் பூனையின் கண்ணால் பார்த்தேன். தெரு சிமெண்ட். ஒவ்வொரு வாசலும் சிமெண்ட். கோலம் போட வசதி என்று எங்கள் முற்றத்தையும் அப்பா சென்ற ஆண்டுதான் பூசினார். தெரு முழுவதிலும் பொலபொலவென்று காய்ந்த மண் நான் சலித்து வைத்த அந்த மூன்று பாத்திதான்! பூனைக்காகவே மெத்தை விரித்துவிட்டு, படுத்ததற்காக விஷம் வைத்தவள் நான்.

பின்னர் சிஸ்டரிடம் கேட்டு, பள்ளிக் கணினி அறையில் பூனையைப் பற்றித் தேடிப் படித்தேன். வீட்டுப் பூனைகளெல்லாம் மேற்காசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் வறண்ட நிலங்களில் வாழும் காட்டுப் பூனையின் வழிவந்தவை என்று 2007-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. உலர்ந்த மண்ணைத் தேடுவதும், தோண்டி மூடுவதும் அதன் பிறவிக் குணம். சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதருக்கு அருகே பூனையைப் புதைத்திருந்ததைப் பிரெஞ்சு அறிஞர்கள் கண்டெடுத்து 2004-இல் அறிவித்தார்கள். இன்னொரு செய்தி எனக்கு இதைவிட வியப்பளித்தது. எகிப்தின் செங்கடல் கரையில் பெரெனிக்கே என்றொரு துறைமுகம் இருந்தது. நம் நாட்டு மிளகு கப்பலேறிப் போன இடம் அது. அங்கே சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன், வளர்த்த பிராணிகளுக்கென்றே ஒரு இடுகாடு இருந்திருக்கிறது. 2021-இல் வெளியான ஆய்வின்படி, அங்கே கிடைத்த கிட்டத்தட்ட 600 விலங்குகளில் பெரும்பாலானவை பூனைகள். சிலவற்றின் கழுத்தில் மணிமாலை கூட இருந்ததாம்! அதே காலத்தில் உரோமாபுரியோடு வாணிபம் செய்த நம் அரிக்கமேட்டை, பேருந்து அரியாங்குப்பத்தைக் கடக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். இங்கிருந்து போன மாலுமிகளும் அந்தப் பூனைகளைப் பார்த்திருப்பார்களோ? நாங்கள் எங்கள் குட்டியை எங்கே புதைத்தோம் என்று நான் ஆயாவைக் கேட்கவில்லை.

ஒரு ஞாயிறன்று ஆயாவே எங்கள் பின்வாசலுக்கு வந்தார். தம் வீட்டில் முடியாமல் நின்றுபோன சுவருக்கு வாங்கிய மணல் கொஞ்சம் கிடக்கிறது, அள்ளிக்கொள் என்றார். வேறெதுவும் பேசவில்லை. தம்பியும் நானும் பாண்டில் சுமந்து வந்து, வேலி மூலையில் மழை படாமல் ஒரு கீற்றைச் சாய்த்து, முழங்கை ஆழத்திற்கு மணலைக் கொட்டினோம். அம்மாவிற்கு இது பிடிக்கவில்லை. "பூனைக்குக் கக்கூஸ் கட்டுறா என் பொண்ணு" என்று அத்தையிடம் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தார்கள்.

பாத்தியிலும் முறையை மாற்றினேன். விதைத்தவுடன் தென்னங்கீற்றைப் பரப்பி மூடிவிட்டேன். முளை தலைகாட்டியதும் கீற்றை எடுத்துவிட்டு, துவரை மிளாறுகளை ஒரு சாண் இடைவெளியில் நெருக்கமாகக் குத்தினேன். பூனைக்குத் திரும்பி உட்கார இடமிராது. மாலையில் தண்ணீர் விட்டால் இரவில் மண் ஈரமாக இருக்கும், ஈர மண்ணை அது விரும்பாது. பழைய மீன் வலையையும் கட்டலாம். ஆனால் முளைகளில் இழுத்து இறுக்கிக் கட்ட வேண்டும். தொளதொளவென்று கிடந்தால் பூனையும் சாரைப் பாம்பும் சிக்கிக்கொள்ளும்.

மணலில் கிடப்பதை நான் அன்றன்றே அள்ளி, தோட்டத்தின் தொலைவில் புதைத்து, சோப்புப் போட்டுக் கை கழுவுகிறேன். பூனை மலத்தில் ஒரு வகை ஒட்டுண்ணி இருக்கக்கூடும். அது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளேனும் ஆகும் என்பதால் அன்றாடம் அள்ளுவதே நல்லது என்று அறிவியல் ஆசிரியை கூறினார். கருவுற்ற பெண்கள் அந்த வேலையைச் செய்யவே கூடாதாம். கீரையையும் நன்றாக அலசித்தான் கட்டுகிறோம்.

முதல் நான்கு நாள் தாய்ப் பூனை மணலைத் திரும்பியும் பார்க்கவில்லை. மிளாறுகளைச் சுற்றிச் சுற்றி வந்து என்னை முறைத்தது. ஐந்தாம் நாள் காலை மணலில் ஒரு சிறு மேடு இருந்தது. "அம்மா!" என்று நான் கத்திய கத்தலில் அம்மா பாம்போ என்று கழியோடு ஓடி வந்தார்கள்.

இருபத்தைந்தாம் நாள் கீரை பறித்தோம். முதல் கட்டை நான் கோடி வீட்டிற்குக் கொண்டு போனேன். ஆயா வாங்கிக்கொண்டு, முகர்ந்து பார்த்து, "பினாயிலு ஊத்தலியே?" என்றார். அன்று மட்டுமன்று, இன்றும் ஒவ்வொரு கட்டையும் வாங்கும்போது அதையே கேட்கிறார். நானும் ஒவ்வொரு முறையும், "இல்லை ஆயா" என்கிறேன்.