பத்திகளுக்குப் பெயரிடுதல்

அட்டவணை வகுப்போர் அதன் எண்களைப் பன்முறை ஒத்துப் பார்ப்பர். பத்திகளின் தலைப்பெயரையோ போகிறபோக்கில் எழுதிவிடுவர். ஆர் என்னும் புள்ளியியற் கணினிமொழியைப் பயிலும் எம்மனோர்க்கு இவ்வலட்சியம் ஆகாது.

ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மன் என்னும் இருவரால் தோற்றுவிக்கப்பெற்ற அம்மொழியின் 1.0.0 பதிப்பு 2000ஆம் ஆண்டு பெப்ரவரி 29ஆம் நாள் வெளிவந்தது. அதன் விதிப்படி, பெயர் எழுத்திலேனும், இலக்கம் பின்தொடராத புள்ளியிலேனும் தொடங்கவேண்டும். இடைவெளியும் அடைப்புக்குறியும் ஆகா. அடிக்கோடு 2004ஆம் ஆண்டிலேதான் பெயருள் அனுமதி பெற்றது. முன்னர் அது மதிப்பளிக்கும் குறியாயிருந்தது. பழைய நிரல்களிற் புள்ளியிட்ட பெயர்கள் மலிந்திருப்பதன் காரணம் இதுவே போலும்.

விதிமீறிய பெயரைக் கண்டால், ரீட்.சிஎஸ்வி என்னும் கட்டளை எம்மைக் கேளாமலே திருத்திவிடும். 1951 என்ற தலைப்பு எக்ஸ்1951 ஆகும். இதனாற் பெருந்தீங்கில்லை. எம் நண்பர் ஒருவர்க்கு நேர்ந்ததோ வேறு. அமெரிக்கக் குடும்பங்களைப் பற்றிய அவரது அட்டவணையில் 'இன்கம் (%)', 'இன்கம் ($)' என அடுத்தடுத்து இரு பத்திகள் இருந்தன. இடைவெளியும் குறிகளும் புள்ளிகளாக மாற, முதலாவது 'இன்கம்....' ஆயிற்று, இரண்டாவதன் இறுதியில் '.1' சேர்ந்தது. எது விழுக்காடு, எது டாலர் என்பதற்கு அடையாளமே எஞ்சவில்லை. அவர் முன்னதையே டாலரெனக் கொண்டு வரைபடமும் வரைந்துவிட்டார். கணினி ஒரு சொல்லும் எச்சரித்திலது. கோடும் அழகாகவே இருந்தது! மூலக்கோப்பைத் திறந்து பார்த்த பின்னரே உண்மை புலப்பட்டது.

டாலர்க்குறியிட்டுப் பத்தியை அழைக்கும் முறையிலும் ஓர் இடர் உண்டு. 'இன்க்' என்று மட்டும் எழுதினும், அங்ஙனந் தொடங்கும் பத்தி ஒன்றே இருப்பின் அதனையே எடுத்துத் தரும். பின்னர் எவரேனும் 'இன்கம்_டாக்ஸ்' என்றொரு பத்தியைச் சேர்ப்பாராயின், நேற்று விடைதந்த அதே வரி இன்று வெறுமையைத் தரும். டிபிள் என்னும் புதுவகை அட்டவணை இத்தகைய அரைகுறை அழைப்பை ஏற்பதில்லை. தலைப்பெயரையும் தானாக மாற்றுவதில்லை. அதனை யாம் விரும்புதற்கு இவ்விரண்டுமே காரணம். ஆயினும், இடைவெளியுள்ள பெயரை ஒவ்வொருமுறையும் சாய்ந்த ஒற்றைமேற்கோளுக்குள் அடைக்கவேண்டியிருப்பது சலிப்பையே தருகிறது.

ஆதலின் யாம் சிற்றெழுத்தும் அடிக்கோடுமே கொண்டு, அளவையையும் பெயரோடு சேர்த்து 'இன்கம்_பெர்சென்ட்', 'இன்கம்_டாலர்' என எழுதுகிறோம். பேரெழுத்தும் சிற்றெழுத்தும் இம்மொழிக்கு வெவ்வேறாம். முழுத் தலைப்புக்களையோ, அவற்றின் பொருளோடு, தனித்தாளிற் குறித்து அட்டவணையுடன் அனுப்புகிறோம்.