குடிக்கு இடமில்லாத படிவம்

கீழ்வீட்டில் இருக்கும் ஜேர்மன் மூதாட்டி ஓய்வுபெற்ற ஆசிரியை. மனதுக்குள் நான் அவரை ரீச்சர் என்பேன். தன் அப்பாவைப் பெற்ற தாய் ஒரு யூதப் பெண் என்பது எழுபது வயதில்தான் அவருக்குத் தெரியவந்தது. காசலில் சிறு ரயிலேறி இருவருமாகப் பாட் ஆரோல்சன் ஆவணக் காப்பகத்துக்குப் போனோம். நாஜிகளால் பாதிக்கப்பட்ட ஏறத்தாழ 1 கோடியே 75 லட்சம் பேரைப் பற்றிய ஆவணங்கள் அங்கே இருக்கின்றன. 2007இல்தான் பொதுவில் திறந்தார்கள். ரீச்சருக்குப் பார்வை மங்கல். தட்டச்சு எழுத்தென்பதால் நானே வாசித்தேன்.

பாட்டியின் அட்டையில் பெயரின் நடுவே 'சாரா' என்று இருந்தது. வடிவான பெயர் என்றேன்.

"அது அவவின்ர பேரில்லை."

1938 ஆகஸ்டில் ஒரு சட்டம். யூதப் பெயரென்று அரசு ஏற்காத பெயருடைய யூதப் பெண்கள் எல்லாரும் அடுத்த ஆண்டிலிருந்து சாராவையும், ஆண்கள் இஸ்ரேலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அட்டையின் அடியில் 1942, தெரேசியன்ஷ்டாட் முகாம். கணவர் கிறிஸ்தவர் என்பதே அதுவரை அவவுக்கு நிழல்; அவர் இறந்ததும் அதுவும் போய்விட்டது.

ஒரு அட்டையாவது இருக்கிறதே என்று நினைத்தேன். நினைத்ததற்கு வெட்கப்பட்டேன். 1990 செப்டம்பர் 5 அன்று எங்கள் மட்டக்களப்பின் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தஞ்சமிருந்தவர்களில் 158 பேரை இராணுவத்தினர் கொண்டுபோனார்கள். எங்கே என்று தாய்மார் இன்னும் கேட்டபடி.

திரும்பும் ரயிலில் ரீச்சர் விரல்விட்டு எண்ணினார். 1935இன் நியூரம்பெர்க் சட்டம் தாய்வழி, தந்தைவழிப் பாட்டன் பாட்டிமாரைக் கூட்டிப் பார்த்தது. அந்தக் கணக்கில் அப்பா பாதி, தான் கால். யூத மரபிலோ தாய் எதுவோ பிள்ளையும் அதுவே. "அப்பா முழு யூதர். நான் ஒன்றுமேயில்லை."

எங்கள் ஊரிலும் இந்தத் தாய்வழிக் கணக்குத்தான் என்றேன். நிமிர்ந்து பார்த்தார்.

மட்டக்களப்பு வாவிக்கரையில் குடி என்னும் குலம் தாய்வழி. ஒரே குடிக்குள் கலியாணம் கிடையாது. கோயில் உரிமைகளும் குடிப்படி. வீடு மகளுக்கு, மாப்பிள்ளைதான் வந்து சேர்வார். அங்குள்ள முஸ்லிம்களுக்கும் குடி உண்டு. ஆனால் என் பிறப்புப் பத்திரத்தில் அப்பாவின் அப்பா பிறந்த ஆண்டுக்கும் இடத்துக்கும்தான் கூடு இருக்கிறது. இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் தந்தைவழியைக் கேட்டதன் மிச்சம் அது. (அந்தக் கேள்விக்குக் காட்டக் கடதாசி இல்லாமல்தான் மலையகத் தமிழர் பலர் நாடற்றவரானார்கள்.) அம்மம்மாவுக்கு அதில் இடமில்லை. அவவின் பெட்டகத்திலிருந்த காணி உறுதிகளையும் 1978 நவம்பர் சூறாவளி கொண்டுபோயிற்று.

படுவான்கரையில் இருக்கும் பெரியம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "படையாண்ட குடி மனே, இதுவும் தெரியாதா உனக்கு?" என்று தொடங்கி அம்மம்மா, அவவின் தாய், தாயின் தாய் என்று ஐந்து பெண்களை மூச்சுவிடாமல் சொன்னா. மண்முனைப் பாதைப் படகில் வாவி கடந்து வந்த மாப்பிள்ளைமாரில் இரண்டு பேரின் பெயர் மட்டும் மறந்துபோயிற்று அவவுக்கு.

ரீச்சர் கணினியில் எனக்கும் ஒரு வம்சாவளி போடத் தொடங்கினார். அது ஒவ்வொருவருக்கும் குடும்பப் பெயர் கேட்டது. எங்களுக்கு ஏது? இங்கே வந்தபின் என் அப்பாவின் பெயர்தான் மனைவிக்கும் மகளுக்கும் குடும்பப் பெயர். அவர் ஐந்து பெண்களுக்கும் அந்த இடத்தில் 'படையாண்ட குடி' என்று தட்டினார். அம்மாவுக்கும் எனக்கும் அதையே. மகளின் பெயருக்கு வந்தபோது தடுத்தேன். மனைவி யாழ்ப்பாணம்; அங்கே இந்தக் குடி முறை இல்லை.

"அப்ப இவளும் என்னைப் போலத்தான்" என்று அந்தக் கூட்டை வெறுமையாக விட்டார்.